கைடு ரோபோ அரண்மனைக்குள் நுழைந்தால்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நாங்கள் பொறியியல் மாணவர்கள். தானாக நகர்ந்து, நின்று, விளக்கம் சொல்லும் ஒரு கைடு ரோபோ செய்திருக்கிறோம். ஆய்வகத்தில் நன்றாக ஓடுகிறது. அடுத்து ஒரு பழைய அரண்மனையில் சோதிக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ரோபோவை ஆய்வகத்திலேயே விட்டுவிட்டு முதலில் நீங்கள் மட்டும் போங்கள். அங்கே வேலை பார்க்கும் கைடு ஒருவரிடம் கேட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்க அவர் பின்னாலேயே நடங்கள். அவர் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் திரும்பிப் பேசுகிறார், வெயில் ஏறியதும் கூட்டத்தை எந்த நிழலுக்கு நகர்த்துகிறார், கடைசியில் நிற்பவர் செல்போனை எடுத்துவிட்டால் என்ன செய்கிறார், எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் 2011-ல் தொடங்கிய ஃப்ராக் திட்டத்தில், ஸ்பெயினின் செவில் நகரத்து அல்காசர் அரண்மனைக்காகவும் லிஸ்பன் உயிரியல் பூங்காவுக்காகவும் ஒரு வெளிப்புற கைடு ரோபோவை உருவாக்கினார்கள். அவர்களும் மனித கைடுகள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கவனித்துப் படித்தார்கள்.

அப்புறம் தரையைப் பாருங்கள். பல ரோபோக்களில் தூரம் அளக்கும் லேசர் ஒரே ஒரு உயரத்தில் கிடையாக வெட்டிப் பார்க்கிறது, அதனால் அந்த உயரத்துக்கு மேலே தொங்கும் சங்கிலி, கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கல் வாசற்படி எதுவும் அதன் கண்ணில் படாது, லேசர் ஊடுருவிப் போய்விடுவதால் கண்ணாடிப் பெட்டியும் தெரியாது. இதையெல்லாம்விட மோசமானது கீழ்நோக்கி இறங்கும் படி. எதிரே ஒன்றுமே இல்லை என்று லேசர் சொல்லும், ரோபோவும் நம்பிப் போய்விடும். எனவே வரைபடத்திலேயே இங்கெல்லாம் போகக்கூடாது என்று தடைக்கோடு போட்டு வைப்பதோடு, தரையைக் குனிந்து பார்க்கும் சென்சார் ஒன்றையும் தனியாக மாட்டுங்கள். இரண்டும் வேண்டும், ஏனென்றால் ரோபோ தான் இருக்கும் இடத்தையே தப்பாக நினைத்துக்கொண்டால் தடைக்கோடும் சேர்ந்து தப்பான இடத்துக்குப் போய்விடும்.

வெளிமுற்றம் இருந்தால் இன்னும் கஷ்டம். அகச்சிவப்பு ஒளியை வீசி ஆழம் பார்க்கும் கேமராக்கள் நேர் வெயிலில் தடுமாறும், உயரமான சுவர்களுக்கு நடுவே ஜிபிஎஸ் சமிக்ஞை எதிரொலித்து இடத்தை மாற்றிக் காட்டும், திரையில் எழுத்தே தெரியாது. கல் பாவிய தரையில் குலுங்கியே திருகாணிகள் தளரும். மதியம் பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ரோபோவுக்கு வழி தெரிய வேண்டும் என்று சுவரிலோ தூணிலோ அடையாளத்தாள், ஒளிரும் பட்டை எதையும் ஒட்டாதீர்கள். பல நூறு வருடம் நின்ற சுண்ணாம்புப் பூச்சு ஒரு பட்டையை உரிக்கும்போது கூடவே வந்துவிடும். அந்தக் கட்டடத்துக்கு ஏற்றபடி ரோபோதான் மாற வேண்டும்.

கேள்வி: சுற்றிலும் ஆட்கள் நெருக்கி நின்றால் ரோபோவுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று எப்படித் தெரியும்?

பதில்: இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டித்தான் இந்தத் துறையே வளர்ந்தது. 1997-ல் ஜெர்மனியின் பான் நகர அருங்காட்சியகத்தில் ரைனோ என்ற ரோபோ ஆறு நாள் கைடாக வேலை பார்த்தது, 47 மணி நேரத்தில் 18.6 கிலோமீட்டர் ஓடியது. வரைபடப்படி சுவர் ஐந்து மீட்டரில் இருக்க வேண்டும், லேசரோ ஒரு மீட்டரில் ஏதோ இருக்கிறது என்கிறது, அப்படியானால் அது மனிதக் கால்தான், இடம் கணிக்கும்போது அதைச் சேர்க்காதே என்று அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மோதாமல் இருப்பதற்கு மட்டும் அந்தக் கால் கணக்கில் வரும். மறு வருடம் வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் மினர்வா என்ற ரோபோ இரண்டு வாரத்தில் 44 கிலோமீட்டர் ஓடியது. அதற்கு மேலே பார்க்கும் கேமரா ஒன்றும் உண்டு, எவ்வளவு கூட்டம் சூழ்ந்தாலும் கூரையை யாரும் மறைக்க முடியாது இல்லையா! அதோடு, திறந்த வெளியின் நடுவே போகாமல் முடிந்தவரை அடையாளம் தெரிகிற பகுதிகளை ஒட்டியே போகும்படி அதன் பாதையைத் திட்டமிட்டார்கள். பழைய மண்டபங்களில் கூரை பெரும்பாலும் வேலைப்பாடு மிகுந்தது, உங்களுக்கு அது பெரிய உதவி.

கேள்வி: குழந்தைகள் வழியை மறித்துக்கொண்டு விளையாடினால்?

பதில்: மறிப்பார்கள். மினர்வாவுக்குப் புருவமும் வாயும் அசையும் ஒரு முகம் இருந்தது, வழி கிடைக்காவிட்டால் முதலில் சோகமாகும், பிறகு கோபமாகும். ஜப்பானில் ஒரு வணிக வளாகத்தில் நடந்த ஆய்வில், பெரியவர்கள் பக்கத்தில் இல்லாதபோது குழந்தைகள் கூடி ரோபோவைத் தொந்தரவு செய்வதைப் பார்த்தார்கள், அதனால் பெற்றோர் இருக்கும் பக்கமாக விலகிப் போக அதற்குக் கற்றுக் கொடுத்தார்கள். எனக்கு இந்த இரண்டாவது வழி பிடித்திருக்கிறது. ஆனால் எந்த வழியானாலும் சிவப்பு நிற அவசர நிறுத்தப் பொத்தான் யார் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், கூடவே உங்கள் ஆள் ஒருவர் நடக்க வேண்டும்.

கேள்வி: மாடிப்படி ஏற முடியாதே, பாதி அரண்மனை மேலேதான் இருக்கிறது?

பதில்: ஏற வைக்க முயலாதீர்கள், மேலேயே ஒன்றை நிரந்தரமாக வைத்துவிடலாம். பிரான்சில் உவாரோன் கோட்டையில் நோரியோ என்ற ரோபோவை அப்படித்தான் மாடியில் வைத்தார்கள். படி ஏற முடியாதவர்கள் கீழே உட்கார்ந்தபடி அதை ஓட்டி அதன் கேமரா வழியாக மாடியைப் பார்க்க முடிந்தது.

கேள்வி: சோதனை வெற்றி என்று எதை வைத்துச் சொல்வது? எங்கள் ஆசிரியர் கிலோமீட்டர் கணக்கு போதும் என்கிறார்.

பதில்: உங்கள் ஆசிரியர் மேல் மரியாதையோடு சொல்கிறேன், போதாது. காலி மண்டபத்தில் இரவெல்லாம் சுற்றினாலும் கிலோமீட்டர் ஏறும். நான் முதலில் கேட்பது கைபட்ட கணக்கைத்தான். உங்கள் ஆட்கள் எத்தனை முறை தள்ளினார்கள், திருப்பினார்கள், மறுபடி இயக்கினார்கள், எந்த இடத்தில், ஏன் என்று ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதுங்கள். ரோபோவிடம் கேட்ட கேள்விக்கு மறைவில் உட்கார்ந்து ஒருவர் பதில் தட்டினார் என்றால் அதையும் எழுத வேண்டும், அதை மறைத்துவிட்டுத் தானியங்கி என்று அறிக்கை கொடுப்பது ஏமாற்று.

அடுத்தது, ஆட்கள் எங்கே கழன்றுகொண்டார்கள் என்பது. பத்துப் பேர் கிளம்பி மூன்றாவது நிறுத்தத்தில் நான்கு பேர் நின்றால், அங்கே பேச்சு நீளமா, சத்தம் கேட்கவில்லையா, அல்லது ரோபோ அவர்களுக்கு முதுகு காட்டியதா? இது சின்ன விஷயம் இல்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008-ல் காட்டியது, கைடு ரோபோ பேச்சின் சரியான தருணங்களில் தலையைத் திருப்பிப் பார்த்தால் கேட்பவர்களும் தலையசைத்து அதிகமாக ஈடுபடுகிறார்கள் என்பது.

வெளியே வருபவர்களிடம் ரோபோ பிடித்ததா என்று கேட்காதீர்கள், எல்லோரும் பிடித்தது என்றுதான் சொல்வார்கள். அந்தத் தர்பார் மண்டபத்தைப் பற்றி என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேளுங்கள். முதல் சில நாள் ஆட்கள் ரோபோவைத்தான் பார்ப்பார்கள், சுவரோவியத்தைப் பார்க்க மாட்டார்கள், அதனால் அந்த நாட்களின் கணக்கைத் தனியாக வையுங்கள். 2002-ல் சுவிட்சர்லாந்தின் கண்காட்சியில் பதினொரு ரோபாக்ஸ் ரோபோக்கள் 159 நாள் வேலை செய்தன. உங்களால் அவ்வளவு முடியாது, சரி, ஆனால் ஒரு வார இறுதியில் ஓட்டிவிட்டு முடிவு சொல்லாதீர்கள்.

கேள்வி: நான் பல வருடமாக கைடு வேலை பார்க்கிறேன். எங்கள் அரண்மனையில் இப்படி ஒரு சோதனை வருகிறதாம். எங்கள் பிழைப்பு என்ன ஆகும்?

பதில்: உங்கள் பயம் நியாயமானது, அதைச் சோதனை நடத்துபவர்களிடம் நேராகவே கேளுங்கள். என் கணிப்பு, எழுதிக் கொடுத்ததைப் பல மொழியில் அலுக்காமல் சொல்வதில் ரோபோ உங்களைவிட நன்றாகச் செய்யும். வந்திருப்பவர் களைத்திருக்கிறார் என்று பார்த்து இரண்டு அறைகளை விட்டுவிடுவது, எதிர்பாராத கேள்விக்கு நின்று பேசுவது, இவற்றில் உங்கள் பக்கத்தில்கூட வராது. அந்த ரோபோ பேசப்போகும் வசனத்தைத் திருத்தும் வேலையையும், எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் வேலையையும் உங்களிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும், அதற்குக் கூலியும் தர வேண்டும். அனுமதிக் கடிதத்திலேயே அதை எழுதச் சொல்லி நிர்வாகத்திடம் இப்போதே மனு கொடுங்கள், சோதனை தொடங்கிய பிறகு கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.