பேஸ் கிட்டாரும் மேடைக் கருவிகளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

திரைப்பாடல்களை மேடையில் வாசிக்கும் பகுதிநேர மெல்லிசைக் குழுவினர் பலர் பேஸ் கிட்டார் பற்றிக் கேள்விகள் அனுப்பியிருந்தனர். அவற்றை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து, அலுவலக நேரம் போக மீதி நேரத்தில், திருமண வரவேற்புகளிலும் கல்லூரி விழாக்களிலும் பழைய திரைப்பாடல்களை வாசிக்கிறோம். ஒருவர் பயன்படுத்திய பேஸ் கிட்டாரை வாங்கினேன். முதல் சில ஃப்ரெட்டுகளில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்) தந்தி கரகரக்கிறது. மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி சேரவில்லை. இதை விற்றுவிட்டுப் புதிது வாங்கச் சொல்கிறார்கள். அதுதான் வழியா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அவசரப்பட்டு விற்க வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் பெரும்பாலும் கருவியின் தரத்தைச் சேர்ந்தவை அல்ல. அதைச் சரியாக அமைக்காமல் விட்டதால் வருபவை. இந்த வேலையைச் செட்டப் என்பார்கள். செட்டப் செய்த எளிய கருவி, செட்டப் செய்யாத விலையுயர்ந்த கருவியைவிட மேடையில் நன்றாக ஒலிக்கும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே கையில் இருக்கும் பணத்தின் முதல் பங்கை இதற்கே செலவிடுங்கள்.

இதில் வரிசை மிக முக்கியம். முதலில் புதிய தந்திகளைப் போட்டு, வழக்கமாக வாசிக்கும் சுருதிக்கே ஏற்றிக்கொள்ள வேண்டும். பழைய தந்தியில் வியர்வையும் அழுக்கும் ஓரிடத்தில் கூடுதலாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் படிந்திருப்பதால், அதன் எடை நீளம் முழுவதும் ஒரே சீராக இருக்காது; அப்படிப்பட்ட தந்தியை எந்தத் திருகு திருகினாலும் மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி சேராது. உங்கள் இரண்டாவது குறையில் பாதி இந்த ஒரு மாற்றத்திலேயே தீர்ந்துவிடக்கூடும்.

அடுத்தது நெக்கின், அதாவது கருவியின் கழுத்தின், வளைவு. அதிரும் தந்திக்கு இடம் வேண்டும் என்பதால் நெக் மிக லேசாக முன்பக்கம் குழிந்திருக்க வேண்டும். மிகத் தடித்த ஈ தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏழாவது அல்லது எட்டாவது ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். அது 0.3 மி.மீ. அளவில் இருந்தால் போதும். சாதாரண விசிட்டிங் கார்டின் கனம் ஏறத்தாழ அவ்வளவுதான். இடைவெளியே இல்லையென்றால் முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில் கரகரப்பு வரும். உங்கள் கருவியில் நடப்பது அநேகமாக இதுதான். நெக்கின் உள்ளே ஓடும் ட்ரஸ் ராட் என்னும் இரும்புக் கம்பியை அதற்குரிய ஆலன் கீயால் இடப்பக்கமாகத் தளர்த்தினால் குழிவு கூடும். வலப்பக்கமாக இறுக்கினால் நெக் நிமிரும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. திருப்பியபின் மரம் நிலைகொள்ளச் சிறிது நேரம் விட்டு, மறுபடி சுருதி சேர்த்து, மறுபடி அளக்க வேண்டும். திருகு இறுகிக்கொண்டு வர மறுத்தால் பலத்தைக் காட்டாமல் அங்கேயே நிறுத்திவிட்டுக் கருவி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். முறிந்த ட்ரஸ் ராடை மாற்றுவது நெக்கையே மாற்றுவதற்குச் சமமான செலவு.

நெக் சரியானபிறகுதான் தந்தியின் உயரத்தைத் தொட வேண்டும். ஃபெண்டர் நிறுவனம் தன் நான்கு தந்தி பேஸ்களுக்குச் சொல்லும் தொடக்க அளவு, பதினேழாவது ஃப்ரெட்டின் மேல் ஈ தந்திக்கு 2.4 மி.மீ., மிக மெல்லிய ஜி தந்திக்கு 2 மி.மீ. என்பதாகும். அழுத்தி வாசிக்கும் கை உங்களுடையது என்றால் இன்னும் சிறிது உயர்த்திக்கொள்ளலாம். குறிப்பிட்ட ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் கரகரப்பு மிஞ்சுமானால், அதற்கு அடுத்த மேல் ஃப்ரெட் கிளம்பியிருக்கக்கூடும். அதைச் சரிசெய்வது பழகிய கையின் வேலை.

கடைசியாகச் சுருதிச் சீர்மை. பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே விரலை மெல்ல வைத்து மீட்டினால் வரும் மணி போன்ற ஒலியையும், அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினால் வரும் ஒலியையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஒலி ஏறியிருந்தால் பிரிட்ஜில் (தந்தியின் அடிமுனையைத் தாங்கும் உலோகப் பகுதி) தந்தி அமர்ந்திருக்கும் சாடில் என்னும் சிறு துண்டை நெக்கிலிருந்து விலக்கித் தந்தியின் நீளத்தைக் கூட்டுங்கள். இறங்கியிருந்தால் நெக்கை நோக்கி நகர்த்துங்கள். நான்கு தந்திக்கும் தனித்தனியே இதைச் செய்ய வேண்டும், ஒவ்வொரு முறையும் தந்தியைச் சற்றுத் தளர்த்தியபின் நகர்த்த வேண்டும்.

மரம் ஈரத்தை வாங்கி விடுவதால் கோடையில் வைத்த அளவு ஐப்பசி மழையில் அப்படியே நிற்பதில்லை. ஆண்டுக்கு இரண்டு முறையாவது நெக்கின் வளைவைப் பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: எங்கள் நிகழ்ச்சியில் 1960-களின் பாடல்களும் உண்டு, இன்றைய பாடல்களும் உண்டு. எந்தத் தந்தி போடுவது?
— வாசகர், மதுரை

பதில்: எலெக்ட்ரிக் பேஸ் 1951-இல் லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸாகப் பெருமளவில் சந்தைக்கு வந்த பின், முதல் பல ஆண்டுகளுக்கு அதில் பூட்டப்பட்டவை மேற்பரப்பு தட்டையான ஃபிளாட்வவுண்ட் தந்திகளே. அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனப் பாடல்களில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த, அடங்கிய, மரத்தின் வாசனை வீசும் ஒலி அத்தகைய தந்தியிலிருந்து வந்தது. கம்பிச் சுற்று வெளியே தெரியும் ரவுண்ட்வவுண்ட் தந்தி 1960-களின் நடுப்பகுதியில், பிரிட்டனின் ரோட்டோசவுண்ட் நிறுவனமும் தி ஹூ ராக் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசிலும் சேர்ந்து உழைத்தபின், பரவலாயிற்று. இன்று பெரும்பாலான பேஸ்களில் இருப்பது அதுதான்.

இரண்டு காலத்துப் பாடல்களையும் ஒரே கருவியில் வாசிக்கும் உங்களுக்கு 45 முதல் 105 வரையிலான (தந்திகளின் கனம், ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலக் கணக்கில்) ரவுண்ட்வவுண்ட் தொகுதியே பொருத்தம். பழைய பாடல் வரும்போது டோன் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கி, பிரிட்ஜுக்கு அருகே தந்திகளின் அடியில் ஒரு சிறிய ஃபோம் துண்டைச் செருகிக்கொள்ளுங்கள்; ஒலி நீளாமல் வட்டமாக நிற்கும். ஃபெண்டரின் ஆரம்பகால பேஸ்களில் பிரிட்ஜை மூடும் உலோகத் தகட்டின் உட்புறத்திலேயே இதற்கென ஒரு மெத்தைத் துண்டு ஒட்டியிருந்தது. தந்தியின் வகையையே மாற்றுவதாக இருந்தால் அதன் இழுவிசையும் மாறும் என்பதால், மேலே கோவை வாசகருக்குச் சொன்ன அளவுகளை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி: எங்கள் பாடகர் பல பாடல்களை ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை இறக்கிப் பாடுகிறார். ஐந்து தந்தி பேஸ் இல்லாமல் சமாளிக்க முடியுமா?
— வாசகர், திருச்சி

பதில்: நான்கு தந்தி பேஸின் ஆகக் கீழான ஸ்வரம் ஈ, அதாவது 3 கட்டை. மூலப் பாடல் 3 கட்டையில் இருந்து, பாடகருக்காக அதை 2 கட்டைக்கு இறக்கினால், பேஸ் வந்து நிற்க வேண்டிய கீழ் ஸட்ஜமம் உங்கள் கருவியில் இல்லாமல் போகிறது. அதை ஒரு ஸ்தாயி மேலே வாசித்தால் ஸ்வரம் சரியாக இருக்கும், ஆனால் பாடலின் அடித்தளம் தூக்கிக்கொண்டு நிற்கும். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் வெறும் துணையாக இல்லாமல் தனி மெட்டாகவே நடப்பதால், அந்த நடை இடையில் ஸ்தாயி மாறினால் பாட்டை அறிந்தவர்கள் உடனே கண்டுகொள்வார்கள்.

2 கட்டை வரை இறங்கினால் போதும் என்றால் ஈ தந்தியையே டி-க்குத் தளர்த்திக்கொள்ளுங்கள். அந்தத் தந்தியில் மட்டும் விரலிடம் இரண்டு ஃப்ரெட் தள்ளிப்போகும், சில ஒத்திகைகளில் பழகிவிடும். 1 கட்டை, அதற்கும் கீழே என்றால் ஐந்து தந்தி தேவை. அதன் பி தந்தியின் அதிர்வெண் ஏறத்தாழ 31 ஹெர்ட்ஸ். ஈ தந்திக்கு அது 41. விலை குறைந்த ஐந்து தந்திக் கருவிகளில் இந்த பி தந்தி தொளதொளவென்று இருப்பதுண்டு. கடையில் மற்ற நான்கையும் விட்டுவிட்டு இந்த ஒரு தந்தியை ஐந்தாவது ஃப்ரெட்டில் அழுத்தி வாசித்துக் கேளுங்கள். அடுத்த தந்தியைத் திறந்து மீட்டினாலும் அதே ஈ வரும். இரண்டுக்கும் தெளிவில் பெரிய வேறுபாடு தெரிந்தால் அந்தக் கருவி வேண்டாம்.

கேள்வி: கிட்டார் ஆம்ப்பிலேயே பேஸையும் இணைத்து வாசித்து வருகிறோம். சொந்தமாக பேஸ் ஆம்ப் வாங்க நினைக்கிறேன். எத்தனை வாட் தேவை?
— வாசகர், சென்னை

பதில்: முதலில், கிட்டார் ஆம்ப்பில் உரக்க வாசிப்பதை நிறுத்திவிடுங்கள். அதன் ஸ்பீக்கர் பேஸின் கீழ் ஸ்வரங்களுக்கு வேண்டிய அளவு முன்பின் அசையும்படி செய்யப்பட்டதல்ல. ஒலியும் கெடும், ஸ்பீக்கரும் கிழியும்.

வாட் கணக்கைப் பற்றி யோசிக்கும் முன், கேட்பவர்களின் காதுக்குப் பேஸ் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். அமெரிக்காவின் ஆம்பெக் நிறுவனம் 1969-இல் 300 வாட் எஸ்.வி.டி. ஆம்ப்பை, எட்டு ஸ்பீக்கர் கொண்ட ஆளுயரப் பெட்டிகளோடு வெளியிட்டதற்குக் காரணம், அக்காலத்து அரங்க ஒலிபெருக்கிகள் பேஸைச் சுமக்கவில்லை என்பதுதான். மேடையில் இருந்த ஆம்ப்பே அரங்கம் முழுவதையும் நிரப்ப வேண்டியிருந்தது. இன்று உங்கள் நிகழ்ச்சிக்கு வரும் மைக்செட்டில் தனியாக சப்-வூஃபர்கள் இருக்கின்றன. அரங்கத்துக்கான ஒலி மிக்ஸர் வழியாகவே போகிறது. உங்கள் ஆம்ப் உங்களுக்கும் பக்கத்தில் நிற்கும் டிரம்ஸ்காரருக்கும் கேட்டால் போதும். 100 வாட் அளவிலான, ஸ்பீக்கரோடு சேர்ந்த காம்போ ஆம்ப் ஒத்திகைக்கும் மண்டபத்துக்கும் சரியாக இருக்கும். 200 வாட் என்றால் இரு மடங்கு உரக்கக் கேட்கும் என்று நினைக்க வேண்டாம். வாட்டை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும்.

ஆம்ப்புக்கும் முன்னதாக நீங்கள் வாங்க வேண்டியது ஒரு டி.ஐ. பாக்ஸ். கிட்டார் கேபிளில் வரும் சிக்னல் நீளமான கேபிளில் மேல்சுரங்களை இழக்கும், வழியில் இரைச்சலையும் பிடித்துக்கொள்ளும். டி.ஐ. பாக்ஸ் அதை மைக் கேபிளில் போகக்கூடிய சிக்னலாக மாற்றிக் கொடுப்பதால், அரங்கின் மறுகோடியில் உள்ள மிக்ஸருக்கும் சேதமில்லாமல் போய்ச் சேரும். உங்கள் பேஸில் பேட்டரி இல்லையென்றால் மின்சாரத்தில் இயங்கும் ஆக்டிவ் டி.ஐ. வாங்குங்கள், பேட்டரி இருந்தால் மின்சாரம் வேண்டாத பாசிவ் டி.ஐ. போதும். பேஸிலிருந்து டி.ஐ.-க்கு, அதன் ஒரு வாயிலிலிருந்து மிக்ஸருக்கு, இன்னொரு வாயிலிலிருந்து உங்கள் ஆம்ப்புக்கு. இப்படி இணைத்துவிட்டால் உங்களுக்காக ஆம்ப்பில் நீங்கள் செய்யும் மாற்றம் எதுவும் அரங்கத்து ஒலியைத் தொடாது.

மிக்ஸரில் இருப்பவரிடம் மூன்று விஷயங்களை மட்டும் கேட்டுக்கொள்ளலாம். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடச் சொல்லுங்கள். மேடைப் பலகையின் அதிர்வும் கைபட்ட சத்தமும் அதோடு போய்விடும். சுவரெல்லாம் சிமெண்ட்டும் தரையெல்லாம் டைல்ஸுமாக உள்ள திருமண மண்டபத்தில் ஒலி குழம்பினால் 200 முதல் 250 ஹெர்ட்ஸ் பகுதியைச் சிறிது குறைக்கச் சொல்லுங்கள். ஸ்வரம் புரியவில்லை என்றால் அடிப்பகுதியைக் கூட்டாமல் 700 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரை சற்றே ஏற்றச் சொல்லுங்கள். நம் குழுக்களில் கிக் டிரம்மோடு தபேலாவின் டக்காவும், டோலக்கும், ரிதம் பேடும் அடிப்பகுதியிலேயே குவிகின்றன. அந்த நெரிசலில் பேஸை அடையாளம் காட்டுவது இந்த நடுப்பகுதி ஒலிதான்.

கேள்வி: கோயில் திருவிழா மேடைகளில் ஆம்ப் இரைகிறது. தந்தியில் கை வைத்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டால் சுர்ரென்று ஷாக் அடிக்கிறது. என்ன செய்வது?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஷாக் அடிக்கும் மேடையில் வாசிக்காதீர்கள். நிகழ்ச்சி தாமதமானாலும் சரி, அதைச் சரிசெய்த பிறகே கருவியைக் கையில் எடுங்கள். 1972-ஆம் ஆண்டு மே மாதம் பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டபோது மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். கிட்டாரின் தந்திகள் ஆம்ப்பின் எர்த்தோடும், மைக்கின் உலோக வலை மிக்ஸரின் எர்த்தோடும் இணைந்திருக்கின்றன. இரண்டில் ஒன்றின் எர்த் அறுந்திருந்தால், தந்தியில் கையும் மைக்கில் உதடுமாக நிற்பவரின் உடல் வழியே மின்சாரம் பாய்கிறது.

மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடித்தோ, இரண்டு பின் மாற்றியில் செருகியோ இரைச்சலைப் போக்கச் சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். அதை எந்த நிலையிலும் செய்யக் கூடாது. மேடைக் கருவிகளுக்கும் மிக்ஸருக்கும் ஒரே இடத்திலிருந்து மின்இணைப்பு எடுக்கச் சொல்லுங்கள். கடைகளில் கிடைக்கும் சாக்கெட் டெஸ்டரைச் செருகி எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். ஜெனரேட்டர் என்றால் அதற்கு மண்ணில் எர்த் கம்பி அடித்திருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்திய எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றை எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிச் செய்து, குழுவின் சொத்தாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் இரைச்சல் மட்டும் மிஞ்சினால், டி.ஐ. பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். அது சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டுமே பிரிக்கிறது, மின்இணைப்பின் எர்த்தைத் தொடுவதில்லை, ஆகவே ஆபத்தில்லை. உங்களுடையது இரண்டு பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பகுதி) உள்ள ஜாஸ் பேஸ் வகையாக இருந்தால் இரண்டு வால்யூம்களையும் முழுமையாகத் திறந்து வையுங்கள். அந்தப் பிக்கப்புகள் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அடித்துவிடும்.

கேள்வி: என் பேஸ் ஆக்டிவ் வகை. நிகழ்ச்சியின் பின்பாதியில் ஒலி கம்மி, கரகரவென்று ஆகிவிடுகிறது. கருவியில் கோளாறா?
— வாசகர், சேலம்

பதில்: உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துபோகிறது, அவ்வளவுதான். இத்தகைய கருவிகளில் கேபிளைச் செருகிய நொடியிலிருந்து பேட்டரி செலவாகத் தொடங்கும். வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் செலவாகும். ஒத்திகை முடிந்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். பேட்டரி மூடியைத் திறக்கும் ஸ்க்ரூடிரைவரையும் புதிய ஆல்கலைன் பேட்டரி ஒன்றையும், கூடுதல் கேபிளோடு, கிட்டார் உறையிலேயே வைத்திருங்கள்.