கால் எலும்பு வலியோடு மாகாணப் போட்டிக்கு ஓடலாமா?

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகளுக்கு 15 வயது, வலயப் போட்டியில் 1,500 மீற்றர் ஓடி இரண்டாவதாக வந்திருக்கிறாள். ஒரு மாதமாக முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி. மாகாணப் போட்டிக்கு மூன்று கிழமைதான் இருக்கிறது. கோச் என்று சொல்லி வீட்டுக்கு வந்த ஒருவர், 38,000 ரூபாய்க்குச் சப்பாத்தும் பவுடரும் எடுத்தால் வலி போய்விடும், பிறகு கொழும்பில் ஒரு அணியில் சேர்த்துவிடுகிறேன் என்கிறாராம். எடுக்கலாமா?

எடுக்காதீர்கள் தங்கச்சி. நாற்பது வருடமாக இந்த ஆட்களைப் பார்க்கிறேன். ஆள் மாறுகிறான், கொண்டுவருகிற பை மாறுகிறது, பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது.

சரி, காலுக்கு வருகிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு இந்த வலி வருவது பெரும்பாலும் இறக்கத்தால். தோட்டத்து ரோட்டில் கீழே ஓடிவரும்போது ஒவ்வொரு அடியும் பிரேக் பிடிக்கிற அடி, அந்த அடியில் பெரும்பங்கு முன்னெலும்புக்கும் போகிறது. மேட்டில் ஓடட்டும், இறக்கத்தில் நடக்கட்டும். இரண்டு கிழமைக்குத் தூரத்தைப் பாதியாக்கி, புல்லில் மட்டும் ஓடவிடுங்கள். குதி தேய்ந்த பழைய சப்பாத்தை மாற்றுங்கள், கடைக்கு அவளையும் கூட்டிப்போய் விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டு வாங்கினால் சாதாரணச் சப்பாத்தே போதும்.

ஒரேயொரு நிலையில் இதெல்லாம் செல்லாது. வலிக்கிற இடத்தை அவளையே காட்டச் சொல்லுங்கள். உள்ளங்கையால் தடவி இந்தப் பக்கமெல்லாம் என்றால் மேலே சொன்னது போதும். ஒரு விரலை ஒரே புள்ளியில் வைத்து இங்கேதான் என்றால், அல்லது இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், அல்லது அந்தக் காலில் மட்டும் நின்று துள்ள முடியாவிட்டால், எலும்பில் மயிரிழை வெடிப்பு இருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்தி டொக்டரிடம் காட்டுங்கள். முதல் இரண்டு மூன்று கிழமையில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம், படம் சரியாக இருக்கிறது என்று ஓடவிட்டுவிடாதீர்கள். மாதவிலக்கு சில மாதமாக நின்றிருந்தால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள், வெட்கப்படுகிற விஷயமில்லை, ஓடுகிற அளவுக்குச் சாப்பாடு போதாத உடம்பில் எலும்பும் பலமிழக்கிறது. வலி குறைக்கிற ஊசி போட்டு ஓடவே வேண்டாம். 19 வயதில் நான் அப்படித்தான் ஓடினேன், அந்த வருடத்தின் மிச்சம் ஊன்றுகோலோடு போனது.

அந்தப் பவுடர் எதற்கு? முட்டை, பருப்பு, நெத்தலி, கீரை கொடுங்கள். ரொட்டியோடு தேத்தண்ணி குடிக்கிற பழக்கத்தை மட்டும் மாற்றுங்கள், சாப்பாட்டிலிருக்கிற இரும்புச்சத்தைத் தேயிலைச் சாயம் உடம்பில் சரியாகச் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும். களைப்பு, மூச்சு வாங்கல் இருந்தால் ரத்தத்தையும் சோதியுங்கள். டப்பாவில் எழுதாத மருந்து கலந்த பவுடர்களும் உண்டு. ஊக்கமருந்துச் சோதனையில் அது அகப்பட்டால் தெரியாமல் குடித்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. தடை உங்கள் மகளுக்கு, விற்றவர் அதற்குள் அடுத்த தோட்டத்துக்குப் போயிருப்பார்.

கொழும்பு அணிக் கதையும் அப்படித்தான். கென்யாவில் இட்டென் 2,400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அந்த உயரத்துக்காகவே உலகத்துத் தூர ஓட்டக்காரர்கள் அங்கே தேடிப்போய்ப் பயிற்சி எடுக்கிறார்கள். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர். நாங்களோ மலையில் பிறந்த பிள்ளையைக் கடல்மட்டத்துக்கு இறக்கக் காசு கேட்கிறவனை நம்புகிறோம். ஆனால் அவனை மட்டும் குறை சொல்லவும் முடியாது. பாடசாலைப் போட்டி நடத்துகிறவர்கள் மழை பெய்தால் குளமாகிற கிரவுண்டில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒரே நாளில் ஒரே பிள்ளையை 800, 1,500, அஞ்சல் ஓட்டம் என்று மூன்றுக்கும் இறக்கி, மத்தியானம் ஒரு பணிஸ் கொடுத்து அனுப்புகிறார்கள், சுற்றுநிருபம் மட்டும் வருடாவருடம் தவறாமல் வருகிறது. இந்த ஓட்டைக்குள்தான் புரோக்கர் நுழைகிறான்.

அவர் திரும்ப வந்தால் பாடசாலை விளையாட்டு மாஸ்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். எந்தக் கழகம், எங்கே பதிவு, காசுக்கு ரசீது உண்டா, பிள்ளை அங்கே யாருடைய பொறுப்பில் தங்குவாள் என்று கேட்டு, சொல்வதையெல்லாம் அவர் முன்னாலேயே கொப்பியில் எழுதுங்கள்.