மெஸ்காலில் புகை வாசம் இல்லையென்றால் போலியா?

போலி என்று முடிவுகட்டாதீர்கள். மெஸ்கால் என்பது கற்றாழை போன்ற அகேவ் செடியின் தண்டிலிருந்து வடிக்கும் மெக்சிகோ மதுபானம். மெக்சிகோவின் ஒஹாகா மாநிலத்தில் நீங்கள் வாங்கிய புட்டியில் புகை வாசமே இல்லாததற்கு, அகேவ் தண்டை வேகவைத்த விதம்தான் காரணமாக இருக்கும். சூடேறிய கற்கள்மேல் அடுக்கி, மண் போட்டு மூடிய குழியில் நாள்கணக்கில் வெந்தால் புகை ஏறும். நீராவியில் வெந்தால் ஏறாது.

லேபிளைப் பாருங்கள். வெறும் 'மெஸ்கால்' என்றால் நீராவிக்கும் அனுமதி உண்டு. 'ஆர்தெசனால்' என்றால் குழி, அல்லது தரைக்கு மேல் கட்டிய அடுப்பு. 'அன்செஸ்த்ரால்' என்றால் குழி மட்டும்தான்.

அப்புறம், ஆல்கஹால் அளவை அறியப் புட்டியைக் குலுக்கிப் பார்க்கும் வழக்கமும் அங்கே உண்டு. ஆல்கஹால் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் முத்து முத்தாகக் குமிழ்கள் விளிம்போரம் நிற்கும். 40 சதவீதப் புட்டியில் அவை சட்டென்று உடைந்துவிடும். குமிழ் உடைவதை வைத்துக் குறை சொல்லாதீர்கள். புகையும் அப்படித்தான்: குழியில் பக்குவமாக வெந்த மெஸ்காலிலும் புகை அடங்கியே இருக்கலாம்.