குளிருக்கு ஒரு பெக் போட்டுத்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 29. கோத்தகிரி பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. குடிப்பதில்லை, பிடிக்கவில்லை, அவ்வளவுதான். மாமனார் வீட்டு விசேஷம் என்றால் விடமாட்டேன் என்கிறார்கள். 'இந்தக் குளிருக்கு ஒரு பெக் போட்டாத்தான் உடம்பு தாங்கும், டாக்டருங்களே சொல்றாங்க' என்பார்கள். 'அல்சருக்கு மாத்திரை சாப்பிடுறேன்' என்று பொய் சொல்லிச் சமாளிக்கிறேன். போன மாதம் மனைவியின் அண்ணன், 'நீ ஒரு பெக் அடி மாப்ள, நாளையிலேர்ந்து நான் தொடவே மாட்டேன்' என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அவர் தினமும் குடிப்பவர். காலையில் கை நடுங்குகிறது. அவருக்காகவாவது ஒருமுறை குடித்துவிடலாமா டாக்டர்?

பதில்: தம்பி, குடிக்க வேண்டாம். உங்கள் மச்சானுக்காகவும் வேண்டாம். அவர் விஷயம் அவசரமானது, அதை விரிவாகவே சொல்கிறேன். அதற்கு முன் இந்தக் குளிர் கதையை முடித்துவிடுவோம். மலையில் பலருக்கும் முதல் பெக் இந்தப் பெயரில்தான் ஊற்றப்படுகிறது.

மது உள்ளே போனதும் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிகின்றன. உள்ளுறுப்புகளைச் சூடாக வைத்திருக்க வேண்டிய ரத்தம் தோலுக்கு ஓடி வருகிறது. காது மடல் சிவக்கும், கன்னம் கதகதக்கும், ஸ்வெட்டரைக் கழற்றிவிடலாமா என்றுகூடத் தோன்றும். அது உடம்பில் புதிதாகச் சேர்ந்த சூடு அல்ல. உடம்பைவிட்டு வெளியேறிக்கொண்டிருக்கும் சூடு. குளிரில் நமக்கு வரும் நடுக்கம் உடம்பு தன்னைச் சூடேற்றிக்கொள்ளும் வழி. மது அதையும் அடக்கிவிடுகிறது. டிசம்பர், ஜனவரியில் புல்வெளியெல்லாம் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும் இரவில், குடித்துவிட்டு வெளியே படுத்தவர் விறைத்துப்போவது இப்படித்தான். சளி பிடித்த குழந்தைக்கு பிராந்தி புகட்டும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. குழந்தைக்கு ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கி வலிப்பே வரலாம். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். குளிருக்குச் சூடான டீயும் காதை மூடும் குல்லாவும் போதும்.

'டாக்டர்களே சொல்கிறார்கள்' என்பதும் சரியில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1988-லேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்துவிட்டது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், மார்பகம் என்று 7 வகைப் புற்றுநோய்களோடாவது அதற்குத் தொடர்பு உண்டு. இவ்வளவு குடித்தால் பாதுகாப்பு என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்று 2023 ஜனவரியில் அதே நிறுவனம் தெளிவாக அறிவித்தது.

இப்போது அந்த அல்சர் பொய். ஏன் சொன்னீர்கள் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் இல்லாத நோயைச் சொன்னால், 'மாத்திரை முடிஞ்சிடுச்சா?' என்று அடுத்த விசேஷத்தில் கேட்பார்கள். காரணம் சொல்லச் சொல்ல, அதற்கு எதிர்வாதம் வரும். 'எனக்கு வேண்டாம் மாமா' என்று சிரித்த முகத்தோடு சொல்லி, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான மனிதன் குடிக்காமல் இருக்க எந்த மருத்துவரின் சீட்டும் தேவையில்லை.

ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கார்த்திகையில் மாலை போட்டவரை இதே கூட்டம் வற்புறுத்துவதில்லை. 'சாமி' என்று மரியாதையாகக் கூப்பிட்டு, அவருக்குத் தனியாக டீ வரவழைத்து, கிளாஸைத் தள்ளி வைக்கிறார்கள். 41 நாளும் இந்த மரியாதை தானாக வருகிறது. மாலையைக் கழற்றிய மறுநாள் அதே மனிதரின் மறுப்புக்கு மட்டும் ஏன் மதிப்பு போய்விட வேண்டும்?

விருந்து வைப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் சொல்கிறேன். மறுப்பவர் எல்லோரும் காரணத்தைச் சபையில் சொல்ல முடியாது. ஒருவர் காசநோய் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அதோடு மது சேர்ந்தால் கல்லீரல் கெடும். இன்னொருவர் சர்க்கரை மாத்திரை போட்டிருப்பார். வெறும் வயிற்றில் குடித்தால் மயங்கி விழுவார். ஒரு பெண் கர்ப்பமாக இருப்பதை இன்னும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். குடியை விட்டவர், மறுபடி தொடாமல் இருக்கக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையில் இருக்கலாம். அவர் ஒரு மிடறு குடித்தாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் விழுந்துவிடும். கடைசி மாத்திரை போட்டு 2 வாரம் வரைக்கும் இந்த ஆபத்து உண்டு. கோலாவில் தெரியாமல் கலந்து கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பவர்கள், தாங்கள் யார் உயிரோடு விளையாடுகிறோம் என்பதே தெரியாமல் செய்கிறார்கள். எனக்கு இதில் கடும் கோபம் உண்டு. ஒருமுறை கேளுங்கள், வேண்டாம் என்றால் சாப்பாட்டுக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.

அதற்காக நீங்கள் அவர்களோடு உட்காருவதை விட வேண்டாம் தம்பி. குடிக்காதவன் குடிப்பவனைவிட உயர்ந்தவன் என்ற நினைப்பு உறவைக் கெடுக்கும். பக்கத்தில் இருந்து பேசுங்கள், சாப்பிடுங்கள். திரும்பும்போது வண்டிச் சாவியை மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு குவார்ட்டர், அதாவது 180 மி.லி. பிராந்தியில், சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். இரவு 11 மணிக்கு முடித்தவருக்கு விடிந்த பிறகும் போதை முழுதாக இறங்காமல் இருக்கலாம். தூங்கி எழுந்துவிட்டேன் என்று சொல்லி மேட்டுப்பாளையம் ரோட்டில் வண்டி இறக்குவது எவ்வளவு ஆபத்து என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இனி மச்சான். காலையில் கை நடுங்குவது, அவருடைய மூளையும் நரம்பும் மதுவுக்குப் பழகிவிட்டதைக் காட்டுகிறது. நீங்கள் ஒரு பெக் குடிப்பதால் அது மாறாது. அவர் விளையாட்டாகச் சொன்னதற்குள் விட வேண்டும் என்ற ஆசை கொஞ்சம் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், பந்தயத்தை விட்டுவிடுங்கள்.

ஆனால் பந்தயத்தில் சொன்னபடி அவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தினால்தான் எனக்குப் பயம். தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளுக்குள் காய்ச்சல், வியர்வை, உளறல், இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவது என்று போய், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையில் சேர்த்தால், நடுக்கத்தை அடக்கும் மருந்தைக் கொடுத்துச் சில நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். மூளையைக் காக்க தயமின் என்ற பி1 வைட்டமினும் ஏற்றுவார்கள். அதன்பின் குடிப்பதற்கான ஏக்கத்தைக் குறைக்க மாத்திரைகளும் ஆலோசனையும் உண்டு.

அவர் போதையில் இல்லாத நேரமாகப் பார்த்துத் தனியாகப் பேசுங்கள். சபையில் வேண்டாம். 'நானும் கூட வர்றேன் மச்சான்' என்று சொல்லிக் கோத்தகிரி அரசு மருத்துவமனைக்கோ ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள். எவ்வளவு நாளாக, ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்திருக்கிறதா என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். போகும் முன் பேசிப் பார்க்க விரும்பினால் 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது. அதற்குள் அவர் தானாகவே நிறுத்திவிட்டு, வலிப்போ உளறலோ வந்துவிட்டால், காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.