தூள் மூட்டையை எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள்

தம்பி,

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். மெல்பர்ன் வந்து மூன்று மாதம். மனைவி படிக்கிறார், வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. டார்னீட் பக்கம் ஒருவர், பழைய மரத்தரைகளைத் தேய்த்துப் பாலிஷ் போடும் வேலைக்குக் கூப்பிடுகிறார். "மாஸ்க் போட்டால் போதும், ஒரு ஆபத்தும் கிடையாது" என்கிறார். ஏபிஎன், அதாவது சொந்தத் தொழில் செய்கிறவருக்கான பதிவு எண், எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறார். சனிக்கிழமை ஒருநாள் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். போகலாமா?

போகலாம். பதினொரு வருடம் நான் அந்த வேலையில்தான் இருந்தேன். நல்ல காசு, கைத்தொழில், யாரும் பட்டம் கேட்கமாட்டார்கள். இப்போது என் முட்டி ஒத்துழைக்காததால் வீடு வீடாகப் போய் அளவெடுத்து விலை சொல்லும் வேலைக்கு மாறியிருக்கிறேன். அந்த முட்டியையும் சேர்த்துத்தான் இந்தப் பதில். "ஒரு ஆபத்தும் கிடையாது" என்று சொன்னாரே, அந்த வார்த்தைதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஊரில் மொசைக் தரைக்குப் பாலிஷ் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். தேய்க்கத் தேய்க்கத் தண்ணீர் ஊற்றுவார்கள், சாம்பல் நிறச் சேறு வாசல்வரை ஓடும், அந்தச் சேற்றிலேயே கரண்ட் வயரும் கிடக்கும். அங்கே பயப்பட வேண்டியது கரண்ட்டுக்கு. தூளைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். இங்கே மரத்தில் தண்ணீர் ஊற்ற முடியாது, எல்லாம் உலர்ந்த வேலை. வில்லங்கம் முழுக்கத் தூளிலும், தேய்த்த மரத்தின்மேல் பூசுகிற பூச்சிலும் இருக்கிறது. ஆனால் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் மெஷினைப் பார்த்துத்தான் மிரள்வார்கள்.

மெஷினை முதலில் முடித்துவிடுகிறேன். தரை தேய்க்க ஹம்மல் என்று ஒரு ஜெர்மன் மெஷின், கிட்டத்தட்ட 80 கிலோ. முதல் நாள் உங்களை இழுத்துக்கொண்டு ஓடும், ஒரு வாரத்தில் வசத்துக்கு வந்துவிடும். அதைப் படியேற்றும்போது மோட்டாரைத் தனியாகக் கழற்றி, இரண்டு பேராகத் தூக்குங்கள். உப்புத்தாள் மாற்றும்போது ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். வயரைத் தோள்மேல் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும், தரையில் விட்டால் மெஷின் அதைத் தின்றுவிடும். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டியபடியே வைத்து ஓட்டினால் சூடேறி உருகும், முழுவதும் பிரித்துப் போடுங்கள். 30 மில்லி ஆம்பியரில் விழுகிற சேஃப்டி ஸ்விட்ச் வழியாகத்தான் கரண்ட் வர வேண்டும். பழைய வீட்டு போர்டில் அது இருக்கும் என்று நம்பாதீர்கள், கையோடு கொண்டுபோகும் பெட்டி ஒன்று கிடைக்கும். சுவர் ஓரம் தேய்க்கிற எட்ஜரைக் குனிந்தோ மண்டியிட்டோதான் பிடிக்க வேண்டும். முட்டிக்கு நல்ல பேட் வாங்குங்கள். நான் மூன்று வருடம் கழித்துத்தான் வாங்கினேன், பலன் இப்போது தெரிகிறது. காதுக்கும் அடைப்பு வேண்டும். இங்கே எட்டு மணிநேரச் சராசரி 85 டெசிபலைத் தாண்டக்கூடாது, 88 ஆனால் நான்கு மணிநேரம்தான். எட்ஜர் போடுகிற சத்தம் அதையெல்லாம் சாதாரணமாகத் தாண்டும்.

சரி, இனி யாரும் சொல்லித்தராத விஷயம்.

2012 குளிர்காலம், கோபர்க்கில் ஒரு வீடு. பழைய பாலியூரித்தேன் பூச்சு முழுவதையும் சுரண்டி எடுத்தோம். மாலை ஐந்து மணிக்குத் தூள் மூட்டை இரண்டு நிரம்பியிருந்தது. "வெளியே வை" என்றார் முதலாளி. வராண்டாவும் வெளியேதானே என்று நினைத்து, வாயை இறுகக் கட்டி அங்கேயே மரப்பலகைமேல் சாய்த்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்காரம்மா போன் செய்தார், மூட்டையிலிருந்து புகை வருகிறது என்று. அவர் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயைத் திருப்பிவிட்டதால் வீடு தப்பியது. மறுநாள் போய்ப் பார்த்தேன். வராண்டாப் பலகையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு கரிவட்டம். மிச்சத் தூளைக் கரண்டியால் கிளறினால், மேலே ஈரம், நடுவில் கருகி, வெல்லப்பாகு தீய்ந்த மாதிரிக் கட்டி கட்டியாக இருந்தது. யாரும் அங்கே தீக்குச்சி கிழிக்கவில்லை, பீடி பிடிக்கவில்லை.

வைக்கோலை ஈரத்தோடு போர் வைத்தால் உள்ளே சூடேறிப் புகையும் என்று ஊரில் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே நடப்பதும் ஏறக்குறைய அதேதான். பழைய பூச்சோடு கலந்த சன்னத்தூள், இறுகக் கட்டிய மூட்டைக்குள் தானாகச் சூடேறும். தேய்க்கும்போது ஓர் ஆணித்தலையில் உரசிய பொறி உள்ளே போய்விட்டால் கேட்கவே வேண்டாம், மணிக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். அதனால் தேய்க்குமுன் ஆணிகளையெல்லாம் மரத்துக்குள் இறக்கி அடிக்க வேண்டும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்ய வேண்டும். தூளை மூடியுள்ள இரும்பு டப்பாவில் போட்டு, வீட்டையும் வண்டியையும் விட்டுத் தள்ளி, திறந்த வெளியில் வைக்க வேண்டும். எண்ணெய்ப் பூச்சு துடைத்த துணியும் அதே ஜாதி. கசக்கி மூலையில் போட்டால் தானாகப் பற்றும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய இரும்பு டப்பாவில் போட்டு மூடுங்கள்.

பூச்சு வேலையில் தீ இன்னொரு வழியாகவும் வரும். தின்னர் கலந்த பூச்சின் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தரையாக ஊர்ந்து, பக்கத்து அறையில் வெந்நீர் கேஸ் ஹீட்டரில் எரிந்துகொண்டிருக்கும் சின்னச் சுடரைத் தேடிப் போகும். அமெரிக்காவில் பாஸ்டன் வட்டாரத்தில் 2004, 2005 இரண்டு வருடங்களில் நடந்த இரண்டு தீவிபத்துகளில், வியட்நாமிலிருந்து குடியேறிய மூன்று தரை வேலைக்காரர்கள் இறந்துபோனார்கள். லாக்கர் சீலர் என்கிற, சட்டென்று பற்றுகிற அடிப்பூச்சுதான் காரணம். நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்கள்தான். பூச்சு தொடங்குமுன் கேஸை மூடினார்களா, ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினார்களா, வீட்டுக்காரர் பற்றவைத்த ஊதுபத்தி, மெழுகுவத்தி ஏதும் இருக்கிறதா என்று நீங்களே ஒரு சுற்று பாருங்கள். யாரும் திட்டமாட்டார்கள். திட்டினால் திட்டட்டும்.

மாஸ்க் விஷயத்துக்கு வருகிறேன். "மாஸ்க் போட்டால் போதும்" என்றவரிடம் எந்த மாஸ்க் என்று கேளுங்கள். தூளுக்குக் குறைந்தது பி2 ரகம் வேண்டும். நீலக்கலரில் ஆஸ்பத்திரியில் தருவது இதற்கு உதவாது. மரத்தூள்தானே என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் வகையில் சேர்த்துவிட்டது. மூக்கும் அதைச் சுற்றியுள்ள அறைகளும்தான் அது தாக்குகிற இடம். கடினமரத் தூளுக்கு இந்த நாட்டில் நான் படித்த வரம்பு, எட்டு மணிநேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 1 மில்லிகிராம். ஜன்னல் வெளிச்சத்தில் தூள் மினுங்குவது கண்ணுக்குத் தெரிந்தால் காற்று ஏற்கெனவே மோசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஷினோடு நல்ல வாக்குவம் இணைத்து ஓட்டுகிற இடத்தில் அந்த மினுங்கல் பாதிக்கு மேல் காணாமல் போகும். அதனால்தான் வாக்குவம் முதலில், மாஸ்க் அதற்கு அப்புறம்.

பூச்சின் ஆவிக்கு பி2 ஒன்றும் செய்யாது, அதற்குக் கரி வடிகட்டி பொருத்திய அரைமுக மாஸ்க் தனி. வேலை முடிந்ததும் அதை இறுக மூடும் டப்பாவில் போட்டு வையுங்கள். வண்டியில் ஆணியில் தொங்கவிட்டால் கரி சும்மா இருக்காது, காற்றில் இருப்பதையெல்லாம் உறிஞ்சி, நீங்கள் மாட்டும்போது தீர்ந்துபோயிருக்கும். தாடி இருந்தால் எந்த மாஸ்க்கும் முகத்தில் ஒட்டி நிற்காது. உங்கள் படத்தில் தாடி பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

இரண்டு டப்பாவைக் கலந்து பூசுகிற பூச்சு ஒன்று உண்டு. அதில் கலக்குகிற கெட்டிப்படுத்தியில் பல நேரம் ஐசோசயனேட் என்கிற, மூச்சைப் பாதிக்கும் ரசாயனம் இருக்கும். என்னோடு வேலை பார்த்த ஒரு பெரியவர், இத்தாலிக்காரர், முப்பது வருட அனுபவம். பூச்சு நாளில் பகலெல்லாம் சிரித்துக்கொண்டிருப்பார், இரவு இரண்டு மணிக்கு மூச்சு இரைக்கும். சளி என்றே ஒரு வருடம் ஓட்டினார். கடைசியில் டப்பாவைத் திறந்த அறைக்குள் நுழைந்தாலே இரைக்கத் தொடங்கியது, தொழிலையே விட்டார். உடம்பு அதை ஒருமுறை எதிரியாக எடுத்துக்கொண்டுவிட்டால் கொஞ்சம் பட்டாலும் ஆகாது. தண்ணீர் கலந்த பூச்சு என்று எழுதியிருந்தாலும் கெட்டிப்படுத்தி தனி டப்பாவில் வந்தால் அதன் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

அடுத்தது பழைய வீடுகள். இதைத்தான் நீங்கள் நன்றாக மனதில் வைக்க வேண்டும். சமையலறையில் வினைல் டைல்ஸை உரித்தால் கீழே கறுப்பாகத் தார்ப்பசை இருக்கும். 1990க்கு முன்னால் கட்டிய வீடு என்றால் டைலிலோ பசையிலோ ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 2003 டிசம்பர் 31இலிருந்துதான் இந்த நாட்டில் அதற்கு முழுத் தடை. தடைக்கு முன்னால் போட்டதெல்லாம் அப்படியே தரைக்கடியில் கிடக்கிறது. சில வினைல் விரிப்பின் அடியில் சாம்பல் நிறக் காகிதம் போல ஒட்டியிருக்கும், அது இன்னும் மோசம், கைபட்டாலே உதிரும். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பி முடிவு வரும்வரை அந்தத் தரையில் மெஷின் வைக்கக்கூடாது. இருக்கிறது என்று வந்துவிட்டால், அகற்றுவது உரிமம் பெற்றவர்களின் வேலை.

2013இல் சன்ஷைனில் ஒரு வீட்டில், "வெறும் பசைதான், தேய்" என்றார்கள், தேய்த்தேன். ஒரு சமையலறை, அரை நாள். அதில் என்ன இருந்தது என்று யாரும் பரிசோதிக்கவில்லை. இப்போது வருடத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் போகும்போது அந்த அரை நாளையும் சொல்கிறேன். அவர் குறித்துக்கொள்கிறார். அவ்வளவுதான் செய்ய முடியும்.

1970க்கு முன்னால் கட்டிய வீட்டுச் சுவரோரப் பலகை, ஜன்னல் கட்டை, தரையோரப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். எட்ஜர் ஓரத்தில் உரசினால் அது தூளாகிச் சட்டையில் உட்காரும். சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்குவீர்கள். வேலை உடையை அங்கேயே கழற்றிப் பையில் போட்டுக் கட்டுங்கள், வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். கைகழுவாமல் சாப்பிடவும் வேண்டாம். பாப்பாவுக்காகவாவது இதை விடாமல் செய்யுங்கள்.

ஏபிஎன் பற்றி. உங்களைக் கூப்பிட்டவர் சொன்ன நேரத்துக்கு, அவர் மெஷினில், அவர் சொல்கிறபடி, மணிக்கணக்கில் சம்பளத்துக்கு வேலை செய்தால், பெயருக்கு ஏபிஎன் இருந்தாலும் நீங்கள் தொழிலாளியாகத்தான் கருதப்பட வாய்ப்பு அதிகம். வேலை உரிமைகளைக் கவனிக்கிற அரசு அலுவலகமான ஃபேர் வொர்க்கை 13 13 94இல் கேட்கலாம். தமிழில் பேச வேண்டுமென்றால் 131 450க்கு அடித்து மொழிபெயர்ப்பாளரோடு இணைக்கச் சொல்லுங்கள். விக்டோரியாவின் 2004ஆம் வருடப் பாதுகாப்புச் சட்டத்தில், முதலாளி தன் கட்டுப்பாட்டில் உள்ள விஷயங்களில், ஒப்பந்தக்காரராக வருகிறவருக்கும் பாதுகாப்புப் பொறுப்பாளிதான். பலருக்கு இது தெரியாது. அடிபட்டால் அன்றே காயப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். முதலாளிக்குத் தெரிவிக்க 30 நாள்தான் அவகாசம். முதுகு பிடித்ததெல்லாம் காயமா என்று நினைப்போம். காயம்தான்.

இவ்வளவும் கேட்டால் துரத்திவிடுவாரோ என்று பயமாக இருக்கும், எனக்கும் இருந்தது. முதல் நாளே பத்துக் கேள்வி கேட்க வேண்டாம். சனிக்கிழமை போங்கள், வண்டியின் பின்கதவைத் திறக்கும்போது உள்ளே எட்டிப் பாருங்கள். வாக்குவம் இருக்கிறதா, வெறும் துடைப்பமா? மாஸ்க் டப்பாவில் இருக்கிறதா, ஆணியில் தொங்குகிறதா? நேற்றைய தூள் மூட்டை அங்கேயே கிடக்கிறதா? மாலையில் கிளம்பும்போது இன்றைய மூட்டை எங்கே போகிறது? பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், மீதியை அப்புறம் பேசலாம்.