அரிய பறவை வளர்ப்பு: முட்டையிலிருந்து காடு வரை, கேள்வி பதில்

பள்ளத்தூர்: அண்ணே, ஐப்பசி மழையில இன்குபேட்டர்ல வச்ச ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி முட்டை மூணுலயும் குஞ்சு முழுசா வளர்ந்து ஓடு உடைக்காமலே செத்துப்போச்சு. வெப்பம் 37.4தான் இருந்துச்சு.

பதில்: வெப்பத்துல குறையில்ல தம்பி, ஈரம்தான். குஞ்சு ஓடு கொத்தறதுக்குள்ள முட்டை தன் எடையில 13 முதல் 16 சதவீதம் நீராவியா இழக்கணும். அப்பத்தான் அகன்ற முனையில காற்றறை பெருசாகும். குஞ்சு முதல் மூச்சு விடுறது அங்கேதான். அடைமழையில அறை 28 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம்னா, தண்ணித் தட்டு வைக்காமலே இன்குபேட்டருக்குள்ள 50ஐத் தாண்டிரும். தட்டும் வச்சா குஞ்சு நீர்கோத்து மூச்சு முட்டும்.

நகைக்கடைத் தராசு, 0.01 கிராம் காட்டுறது ஒண்ணு வாங்குங்க. முதல் நாளே எடை போட்டு ஓட்டுல பென்சிலால எண் எழுதுங்க, பேனா வேண்டாம். 20 கிராம் முட்டை, 28 நாள் அடை, 15 சதவீதம்னா மொத்தம் 3 கிராம், நாளுக்கு 0.11 கிட்ட. மூணு நாளுக்கு ஒருதரம் பாருங்க. குறையலைன்னா தட்டை எடுத்துட்டு காற்றுத்துளையைத் திறங்க, அறை ஏசியை டிரை மோடுல ஓட விடுங்க. வேகமா குறைஞ்சா தட்டைத் திரும்ப வைங்க.

கண்டனூர்: மக்காவ் கிளி ஜோடி என்ன விலை?

பதில்: விலை நான் சொல்றதில்லை.

கானாடுகாத்தான்: எங்க வீட்டு வளவுக்கு (நடு முற்றம்) மேல வலை கட்டி சன் கொனூர் கிளி விடலாமா?

பதில்: விடலாம், அரை அங்குலக் கண் வலையா இருக்கட்டும், பெரிய கண்ணுல எலியும் பாம்பும் நுழையும். புது ஜி.ஐ. வலையில துத்தநாகத் துணுக்கு ஒட்டியிருக்கும், கொத்தித் தின்னா விஷம். வினிகர் தொட்டுத் தேய்ச்சுக் கழுவுங்க. கூண்டு வாசலுக்கு ரெண்டு கதவு, பறவை தப்பாம இருக்க. அடுப்படியில ஒட்டாத சட்டியைக் காய விட்டா அந்தப் புகையே பறவையைக் கொன்னுரும், அதனால கூண்டு முன்கட்டுலயே இருக்கட்டும். புதுசா வர்ற பறவை 45 நாள் தனியறை. மத்திய அரசோட பரிவேஷ் இணையதளத்துல பதிவும் கட்டாயம்.

தேவகோட்டை: சன் கொனூர் காட்டுல அழியுதுன்னா, நாங்க வீட்டுல பெருக்குறதும் இனப்பாதுகாப்புதானே?

பதில்: இல்லைங்க. கயானாவுலயும் பிரேசிலோட ரொரைமா மாநிலத்துலயும் அது அருகினதுக்குக் காரணமே கூண்டு வியாபாரத்துக்குப் பிடிச்சதுதான். உலகம் முழுக்கக் கூண்டு நிறைஞ்சும் அந்தக் காடு நிறையலை. நம்ம கிட்ட இருக்கிற ஜோடி அண்ணன் தங்கச்சியான்னு யாருக்கும் தெரியாது. நிறத்துக்காகச் சேர்க்கிறோம், கையால ஊட்டி மனுசனையே தாயாக்கிடுறோம்.

தேவகோட்டை: ஸ்பிக்ஸ் மக்காவ்ங்கிற நீலக் கிளியைத் தனியார் வளர்ப்பாளர்கள்தானே காப்பாத்துனாங்க?

பதில்: நியாயமான கேள்வி. 2000-ல காட்டுல கடைசி ஆண் காணாமப் போனப்போ, மிச்சம் பெரும்பாலும் தனியார் கூண்டுலதான் இருந்துச்சு. ஆனா வம்சாவளி எழுதி, எந்த ஆணுக்கு எந்தப் பெண்ணுன்னு ஒரே திட்டமாச் சேர்த்த பிறகுதான் இனம் பெருகுச்சு. 2022 ஜூன்ல பிரேசிலின் காட்டிங்கா வறண்ட காட்டுல முதல் எட்டை விட்டப்போ, அந்தக் காடு தெரிஞ்ச இன்னொரு இனமான இலிஜர் மக்காவையும் கூடவே விட்டாங்க, வழிகாட்ட. அப்படியும் 2025-ல அங்க கிளியோட அலகையும் இறகையும் கெடுக்கிற சர்க்கோவைரஸ் கண்டுபிடிச்சாங்க. 45 நாள் தனியறைன்னு நான் கத்துறது இதுக்குத்தான்.

ஹரியானாவோட பிஞ்சோர்ல பிணந்தின்னிக் கழுகுப் பெருக்கமும் அப்படித்தான். ஜோடிக்கு வருசத்துக்கு ஒரே முட்டை. மாட்டுக்குப் போடுற டைக்ளோஃபினாக் வலி ஊசியை 2006-ல தடை செஞ்சாங்க. அதைச் செய்யாம கூண்டுல எத்தனை பொரிச்சாலும், வெளியே விட்டா செத்த மாட்டைத் தின்னு சிறுநீரகம் போய்ச் சாகும். முதல்ல கொல்றதை நிறுத்தணும், அப்புறம்தான் பெருக்கம். நீங்க உதவணும்னா ஒவ்வொரு கொனூர் குஞ்சுக்கும் பத்துப் பன்னிரண்டு நாள்ல காலுல மூடிய அடையாள வளையம் போட்டு, தாய் தகப்பனை எழுதி வைங்க, கூடப்பிறந்ததைச் சேர்க்காதீங்க.

காரைக்குடி: பச்சைக்கிளிக்குப் பேச்சு வர என்ன கொடுக்கணும்?

பதில்: பச்சைக்கிளி வளர்க்கிறது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வனத்துறை கிட்ட ஒப்படைங்க.

புதுவயல்: மரத்துல இருந்து எடுத்த மைனாக் குஞ்சு...

பதில்: மேலே சொன்னதேதான்! மைனா, சில்லை, பச்சைக்கிளி மூணும் கூடாது.

ஆத்தங்குடி: அப்ப வளர்க்கிற வெளிநாட்டுக் கிளியைப் பறக்க விட்டா புண்ணியமா?

பதில்: பாவம்ங்க. இரை தேடத் தெரியாம பட்டினியில சாகும், பிழைச்சா நம்ம பறவைக்கு நோயைக் கொடுக்கும். விடாதீங்க.

திருப்பத்தூர்: பிள்ளைகளுக்குப் பறவை காட்ட எங்க போகலாம்?

பதில்: பக்கத்துலயே கொள்ளுக்குடிப்பட்டி இருக்கு, வேட்டங்குடி சரணாலயம். மழை முடிஞ்சு கண்மாயில தண்ணி நிக்கிறப்போ, மார்கழி தையில, காலையில போங்க. தீபாவளிக்குக் கூட வெடி போடாத ஊர். நீங்களும் ஹாரன் அடிக்காம வண்டியைத் தள்ளி நிறுத்துங்க.