பழைய காரா, புதிய காரா: இழுவை எதில் அதிகம்?

கேள்வி: என்னிடம் 2014ஆம் ஆண்டு டீசல் ஸ்விஃப்ட் இருக்கிறது, 75 குதிரைத்திறன். புதிய பெட்ரோல் ஸ்விஃப்டுக்கு 82 என்கிறார்கள். குடும்பத்துடன் அடிக்கடி கொல்லிமலை ஏறுகிறவன் நான். மாற்றினால் இன்னும் நன்றாக இழுக்கும் அல்லவா? (நாமக்கல் வாசகர்)

பதில்: அப்படி நம்பி மாற்றாதீர்கள். குதிரைத்திறனை மட்டும் பார்த்துக் கார் வாங்காதீர்கள் என்று எழுதி எழுதி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது, ஆனாலும் எழுதுகிறேன். மேட்டில் வண்டியை இழுப்பது முறுக்குவிசை, அதாவது எஞ்சின் சுழற்றும் விசை; உங்கள் 1248 சிசி டீசல் எஞ்சினில் அது 190 நியூட்டன் மீட்டர். நிமிடத்துக்கு 2000 சுற்றிலேயே அது முழுதாகக் கிடைக்கிறது. 2024இல் வந்த மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் தருவது ஏறத்தாழ 112. அதற்கும் 4300 சுற்று வரை மிதிக்க வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் உங்கள் டீசலும் 2000 சுற்றுக்குக் கீழே தூங்கி வழியும் என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ விழித்துக்கொண்டால் ஐந்து பேரையும் அலட்டாமல் ஏற்றிவிடும். புதியதும் ஏறும், கியரைக் குறைத்து எஞ்சினை அலறவிட்டால். இதற்கு முந்தைய நான்கு சிலிண்டர் பெட்ரோல் ஸ்விஃப்டுக்கே 90 குதிரைத்திறன் இருந்தது. மைலேஜுக்காக அதைக் குறைத்துத்தான் 82 ஆக்கியிருக்கிறார்கள். ஆறு ஏர்பேக் வேண்டும் என்பதற்காக மாற்றினால் அது நியாயமான காரணம்.

நானும் ஒருமுறை, விற்பனையாளரை மட்டும் ஏற்றிக்கொண்டு சமதளத்தில் 2 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, ஒரு சிறிய காரை வாங்கினேன். மனைவி, மாமியார், இரு பிள்ளைகளுடன் ஏற்காடு ஏறியபோது அது ஒன்பதாவது வளைவில் நின்று, ஏ.சி.யை அணைத்த பிறகே நகர்ந்தது. மாமியார் இன்றும் அதை மறக்கவில்லை.

கேள்வி: எனது பழைய கார் 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 15 நொடி ஆகிறது. புதியது 12 நொடியில் எட்டுமா? (மயிலாப்பூர் வாசகர்)

பதில்: மாட வீதியில் 30ஐ எட்டியதும் எழுதுங்கள்.

கேள்வி: 42,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லி, பழைய கார் விற்கும் கடையில் 3.8 லட்சம் ரூபாய்க்கு ஒரு காரைத் தலையில் கட்டிவிட்டார்கள். மேம்பாலம் ஏறவே திணறுகிறது. ‘பழைய வண்டி அப்படித்தான் இருக்கும்’ என்கிறார் கடைக்காரர். சர்வீஸ் பதிவிலோ 1,18,000 என்றிருக்கிறது.

பதில்: வயதானதாலேயே ஒரு வண்டி இப்படித் திணறாது. நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் எகிறியும் வேகம் ஏறவில்லை என்றால், கிளட்ச் தட்டு தேய்ந்து நழுவுகிறது. ஆனால் மீட்டரைத் திருப்பியது தேய்மானம் அல்ல, மோசடி. அதில் உங்கள் பிழை எதுவும் இல்லை. விளம்பரம், ரசீது, சர்வீஸ் பதிவு மூன்றையும் பத்திரப்படுத்திக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தீராவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. முடிவு வந்ததும் எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: முன்பணம் கட்டிய பிறகு ஓட்டிப் பார்த்தேன். என் பழைய காரைவிட மந்தமாகத் தெரிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஓட்டிப் பார்த்த பிறகு முன்பணம் கட்டியிருக்கலாம். ரத்து செய்தால் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்று முன்பதிவுப் படிவத்தில் பாருங்கள். அதையும் படிக்காமல்தான் கையெழுத்திட்டிருப்பீர்கள்.